சனிக்கிழமைக் காந்தல்

மாமா,

இன்று மதியம் எதிர்வீட்டு பௌதி கதவைத் தட்டினாள். இந்த மாடியில் எல்லோருக்கும் அவள் பௌதிதான், அண்ணி. என் சமையலறையிலிருந்து சோறு தீய்கிற வாசனை மாடிப்படி வரை வந்துவிட்டதாம். அடுப்பை மூட்டிவிட்டு நான் தூங்கிப் போய்விட்டேனோ என்று பயந்து ஓடி வந்திருக்கிறாள், கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு. தெரிந்துதான் விட்டிருக்கிறேன், இன்னும் கொஞ்சம் பிடிக்கவேண்டும் என்று வங்காள மொழியில் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். உடம்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அவள் போனபின் கதவைச் சாத்திவிட்டு வந்து கல்சட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். எள்ளெண்ணெயும் சோறும் சேர்ந்து சிவக்கிற அந்த வாசனை வீடு முழுவதும் நின்றது. வெளியே மழை.

நம் வீடுகளில் சோறு அடிப்பிடித்தால் அது சமைத்தவளின் கவனக்குறைவு. காந்தலை யாருக்கும் தெரியாமல் சுரண்டி ஊறப்போட்டுவிட வேண்டும். சோறு அடிப்பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்ட மனிதர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

அந்தச் சோற்றைப் பற்றி நீங்கள் முதன்முதலில் சொன்னபோது எனக்கும் ரகுவுக்கும் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. உங்கள் டாக்குரியா வீட்டின் சாப்பாட்டு மேசை. நீங்கள் கப்பல் கம்பெனியில் எஞ்சினியராக இருந்த காலத்தில், கட்டி முடிகிற கப்பலை மேற்பார்வை பார்க்கக் கொரியாவின் தெற்குக் கடற்கரையில் ஓர் ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். குளிர்காலம். கப்பல் கட்டும் தளத்துக்கு வெளியே ஒரு பெண்மணி சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். நீங்கள் சைவம். பேச்சு புரியாது. ஒரு காகிதத்தில் மீன், கோழி, மாடு, முட்டை எல்லாம் வரைந்து ஒவ்வொன்றின் மேலும் கோடு போட்டுக் காட்டினீர்கள். அவள் அதை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு, கீழே ஒரு முள்ளங்கி வரைந்து கொடுத்தாளாம். அதற்குப் பிறகு தினமும் உங்களுக்குக் கொதிக்கிற கல் பாத்திரத்தில் சோறு. மேலே வகைவகையாய்க் காய்கறி, நடுவில் சிவப்பாய் ஒரு மிளகாய் விழுது. எல்லாவற்றையும் ஒன்றாய்க் கலந்து சாப்பிட்டு முடிக்கும்போது அடியில் மொறுமொறுவென்று காந்தல். அதன் பெயர் பிபிம்பாப் என்று நீங்கள் சொன்னபோது, அத்தை எழுந்து தட்டுகளை எடுத்து வைக்கப் போய்விட்டார்கள். ரகு செய்தித்தாளைப் பிரித்தான். இந்தக் கதையை அவர்கள் எத்தனையோ முறை கேட்டிருக்க வேண்டும். நான் மட்டும், காந்தல் கல்லில் ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்டேன். நீங்கள் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

பிறகு அத்தை தவறிப் போனார்கள். அதற்குப் பின் சில வருஷங்களில் எனக்கும் ரகுவுக்கும் இடையில் இருந்ததும் போயிற்று. சண்டை என்று ஒன்றும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் சத்தமில்லாமல் இருக்கப் பழகிக்கொண்டோம். ஒருநாள் அவன், தன் ஆபீஸில் வேலை பார்க்கும் சுதேஷ்ணாவோடு வாழ விரும்புவதாகச் சொன்னான். நான் பிடித்து வைக்கவில்லை. கோர்ட்டில் எல்லாம் முடிந்து, ஜாதவ்பூரில் இந்த இரண்டாம் மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தேன். அண்ணன் திருச்சிக்கு வந்துவிடச் சொன்னான். எனக்கு இங்கே இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை இருந்தது. வேலை இருக்கிறது என்பது அண்ணனிடம் சொல்ல வசதியான பதிலாக இருந்தது. உண்மையில், அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஒரு மூலையில் என் பெட்டியை வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் முதல் தடவை வந்ததும் ஒரு சனிக்கிழமைதான். மணி அடித்தது, கதவைத் திறந்தேன், ஒரு பையில் முளைகட்டிய பயறு, கீரை, வெள்ளரி, கேரட் என்று வைத்துக்கொண்டு நின்றீர்கள். மூச்சு வாங்கியது. ரயிலில் ஒரு ஸ்டேஷன்தான், ஆனால் இந்த மாடிப்படி உங்களுக்குப் புதிது. அழுகை வரும் என்று பயந்து நான் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். நீங்கள் என் பின்னாலேயே சமையலறைக்கு வந்து பையைக் கவிழ்த்தீர்கள்.

"அந்தக் கொரியாச் சோறு ஒனக்குத்தான் ஞாபகம் இருக்கும். செஞ்சு பாப்பமா?" என்றீர்கள்.

ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்று நீங்களும் கேட்கவில்லை. கீரையை ஆய உட்கார்ந்தோம்.

அன்று குக்கரில் சோறு வடித்து இரும்புச் சட்டியில் போட்டுச் சூடாக்கினேன். கொரியா மிளகாய் விழுது எங்கே கிடைக்கும் என்று இருவருக்கும் தெரியவில்லை. மிளகாய்ப் பழத்தை ஊறவைத்து, வெல்லமும் கொஞ்சம் புளியும் சேர்த்து அரைத்து வைத்தேன். நீங்கள் ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினீர்கள். திறந்தபோது முகத்தில் ஒரே வருத்தம்.

"நல்லாருக்கு. ஆனா இது புளிக்காய்ச்சல், கேட்டியா," என்றீர்கள்.

அந்த வீட்டில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. சுவர்கள் காலியாக இருந்ததால் என் சிரிப்பு எனக்கே பெரிதாகக் கேட்டது.

அதிலிருந்து சனிக்கிழமைகள் வந்தன. அத்தையின் கல்சட்டி பரணில் கிடப்பது உங்களுக்கு ஞாபகம் வந்து, அதைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தீர்கள். கொரியாக்காரியின் கல் பாத்திரமும் இதே நிறம்தான் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னீர்கள். அத்தை இருந்தபோது நான் அதில் வத்தக்குழம்பு வைத்திருக்கிறேன். வருஷக்கணக்காய்க் காய்ந்து கிடந்த கல் என்பதால், மஞ்சளும் எண்ணெயும் தடவி, வடிகஞ்சியை ஊற்றி ஊற்றி மறுபடி பழக்கினேன். அவசரப்பட்டால் விரிசல் விட்டுவிடும். அந்த வாரம் முழுக்க ஆபீஸிலிருந்து வந்ததும் கஞ்சியை மாற்றுவது ஒரு வேலையாக இருந்தது. சாயங்காலங்களில் செய்ய ஒரு வேலை இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அரிசிக்கும் அலைந்தோம். நம் பொன்னி உதிர்ந்து போகும். கோவிந்தபோக் அரிசி குட்டையாக, ஒட்டிக்கொள்வதாக இருந்தது. ஆனால் அதன் வாசனை உங்களை உறுத்தியது. காயையும் மிளகாயையும் போட்டுப் பாயசம் சாப்பிடுவது போலிருக்கிறது என்றீர்கள். ஜாதவ்பூர் கடைத்தெருவில் மணிப்பூர்ப் பெண் ஒருத்தியின் கடையை நான்தான் கண்டுபிடித்தேன். கொரிய நாடகம் பார்க்கிற கல்லூரிப் பெண்கள் கூட்டமாக நிற்கும் இடம். அவளிடம் சிவப்பு டப்பாவில் அந்த மிளகாய் விழுது இருந்தது. ஒட்டுகிற அரிசியும் இருந்தது. வறுத்த எள்ளின் எண்ணெயும் இருந்தது. எழுபது வயதுக்காரர் அந்தப் பெண்களுக்கு நடுவில் நின்று டப்பாவின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்ததும், அவர்கள் விலகி வழிவிட்டதும், நீங்கள் அந்தக் கடைக்காரியிடம் உங்கள் அரைகுறைக் கொரிய மொழியில் நன்றி சொன்னதும், அவள் தான் இம்பாலைச் சேர்ந்தவள் என்று பொறுமையாகச் சொன்னதும் எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

பெரணிக் கீரையைக் கண்டுபிடித்தது நீங்கள். அந்தச் சோற்றின் மேல் பழுப்பாய், சுருண்டு, காம்பு காம்பாய் ஏதோ ஒன்று இருக்கும், அது என்னவென்றே தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஒரு மழைநாளில் டாக்குரியா ஸ்டேஷன் வாசலில் தெற்கேயிருந்து ரயிலில் கீரை கொண்டுவரும் பெண்கள் விரித்த சாக்கில் அதைப் பார்த்திருக்கிறீர்கள். நுனி சுருண்ட பச்சைத் தண்டு. இங்கே டேங்கி ஷாக் என்பார்கள். பெயரைக் கேட்டால் டெங்கு என்று நினைத்து நம்மூர்க்காரர்களுக்குக் காய்ச்சல் வந்துவிடும். நனைந்துகொண்டே வந்து கதவைத் திறக்குமுன் வெளியிலிருந்தே, "சிக்கிட்டு," என்றீர்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் கேட்டுவிட்டேன், இங்கே வருவது வீட்டில் தெரியுமா என்று. லேக் கரையில் நடக்கப் போகிறேன் என்று தெரியும் என்றீர்கள், கேரட்டைச் சீவிக்கொண்டே. எனக்கு முகம் சுட்டது. நான் என்ன தவறு செய்தேன், என் வீட்டுக்கு வருவதை மறைக்க? சொல்லிவிட்டு வருவதானால் வாருங்கள் மாமா, இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். அன்று சாப்பிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை நீங்கள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மணி அடிக்காத ஒரு வீட்டில் பகல் எவ்வளவு நீளம் என்பதை அப்போது பார்த்தேன். பிறகு ஒரு நாள் வந்தீர்கள். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே பேசினீர்கள்.

"ரகுகிட்ட சொல்லிட்டேன்மா."

"என்ன சொன்னாங்க?"

"மழை வரும்போல இருக்கு, கொடைய எடுத்துக்கிட்டுப் போங்கப்பான்னான்."

நான் அந்தக் குடையைப் பார்த்தேன். அது நானும் அவனும் கோடியாஹாட் கடைத்தெருவில் வாங்கியது. உள்ளே வாருங்கள் என்றேன்.

அதற்குப் பிறகு சில சமயம் காய்கறிகள் நறுக்கி டப்பாவில் வந்தன. தீக்குச்சி கனத்தில், ஒரே சீராய். யார் நறுக்கியது என்று நான் கேட்டபோது, "மருமவதான்," என்று சொல்லிவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அழகாக நறுக்கியிருக்கிறார்கள் என்றேன். அது உண்மைதான். என்னால் அப்படி நறுக்க முடியாது.

நீங்கள் ஒவ்வொரு தடவையும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வீர்கள். "கிட்ட வந்துட்டு. ஆனா இல்ல." ஒருமுறை சோறு குழைந்தது. ஒருமுறை கீரை கசந்தது. காந்தல் பொன்னிறமாகாமல் கருகிப் போனதும் உண்டு. கல்சட்டி அடுப்பிலிருந்து இறக்கியபின்னும் சூடாகவே இருக்கும், அதனால் முன்கூட்டியே இறக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே நமக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று.

ஒரு சனிக்கிழமை அது சரியாக வந்தது. ஏன் அன்று வந்தது என்று எனக்குத் தெரியாது. எதையும் புதிதாகச் செய்யவில்லை. நீங்கள் கலந்து ஒரு வாய் எடுத்தீர்கள், இன்னொரு வாய் எடுத்தீர்கள், முழுவதையும் சாப்பிட்டீர்கள். அடிக் காந்தலைக் கரண்டியால் பெயர்த்தபோது அது தட்டாய், முழுசாய் வந்தது. "இதுதாம்மா," என்றீர்கள். உங்கள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

அன்றுதான் மீதிக் கதையைச் சொன்னீர்கள். ரகு பிறந்த செய்தி உங்களுக்கு அந்தக் கொரிய ஊரில்தான் கிடைத்தது. தந்தி. கூட வேலை பார்த்தவர்கள் சோதனை ஓட்டத்துக்காகக் கப்பலோடு கடலுக்குப் போயிருந்தார்கள். உங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. கடைக்குப் போய் அந்தப் பெண்மணியிடம், கைகளைத் தொட்டில் மாதிரி வைத்து ஆட்டிக் காட்டினீர்கள். அவள் புரிந்துகொண்டு கையைத் தட்டினாள். நீங்கள் சாப்பிட்டு முடித்ததும் கல் பாத்திரத்தில் ஒட்டியிருந்த காந்தலின் மேல் கொதிக்கும் நீரை ஊற்றி, அது இளகியதும் கஞ்சி மாதிரி குடிக்கக் கொடுத்தாள். கடையில் வேறு ஆட்கள் இருந்தும், வேலையை விட்டுவிட்டு உங்களுக்கு எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டாள், நீங்கள் குடித்து முடிக்கும்வரை.

"சந்தோசத்தச் சொல்ல ஆள் இல்லாம இருக்கது இருக்கே, அது துக்கத்தவிடக் கஷ்டம்மா. அன்னைக்கு அவ வந்து உக்காரலன்னா நான் அழுதுருப்பேன்," என்றீர்கள்.

நான் எழுந்துபோய் வெந்நீர் வைத்தேன். கல்சட்டியில் ஊற்றினேன். நாம் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு டம்ளரில் குடித்தோம். யாருடைய பிறப்பைக் கொண்டாடிய கஞ்சி அது என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. என்னை விட்டுப் போனவனின் பிறப்பு. ஆனாலும் அது நன்றாக இருந்தது மாமா. கொஞ்சம் கசப்பும், எள் வாசனையும், சூடுமாய்.

நீங்கள் போனபின்தான் எனக்குப் பயம் வந்தது. சோறு சரியாக வந்துவிட்டது. இனி எதற்கு வருவீர்கள்? அந்த வாரம் ஆபீஸில் கணக்குகளைத் தப்பும் தவறுமாகப் போட்டேன். ஏன் அன்று எண்ணெயை ஒரு சொட்டுக் கூட்டியிருக்கக் கூடாது, ஏன் கொஞ்சம் கருக விட்டிருக்கக் கூடாது என்றெல்லாம் நினைத்தேன். சனிக்கிழமை காலையிலிருந்து மாடிப்படியில் காது. மணி அடித்தது. நீங்கள் கையில் பையில்லாமல் நின்றீர்கள். வெறுங்கை.

இன்னைக்கு என்ன மாமா செய்யணும் என்று கேட்டேன்.

"என்னத்தயாவது வை. ஒரு ரசம் போதும்," என்று சொல்லிவிட்டு உங்கள் நாற்காலியில் போய் உட்கார்ந்தீர்கள்.

அதன்பிறகு வந்த சனிக்கிழமைகளில் ரசமும் இருந்தது, பிபிம்பாப்பும் இருந்தது, ஒன்றும் சமைக்காமல் முறுக்கும் டீயுமாகவும் போயின. நீங்கள் எதற்கு வருகிறீர்கள் என்று அதற்குமேல் நானும் யோசிக்கவில்லை.

ரகு ஆபீஸுக்குப் போன் செய்தபோது நான் அந்தக் குரலை முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அப்பா காலையில் தவறிட்டாங்க என்றான். தூக்கத்திலேயே. பிறகு, "நீ வரணும்னா வா," என்றான். அதில் கோபமும் இல்லை, அழைப்பும் இல்லை.

டாக்குரியா வீட்டில் எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. உள்ளே கூடத்தில் நீங்கள். சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள். வாசலில் பக்கத்து வீட்டு வங்காளிகள். நான் இரண்டுக்கும் நடுவில், மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆசன்சோலிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா, என்னைத் தெரியாதவர், நீ யாரும்மா என்று கேட்டார். தெரிஞ்சவங்க என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். எத்தனை சனிக்கிழமைகள், கடைசியில் தெரிந்தவள்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. அந்தப் பெரியம்மாதான் முறை சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை போட்டாச்சு, இனி மருமவ வா என்று கூப்பிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுதேஷ்ணா அரிசித் தட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. பெரியம்மா வேகவேகமாகத் திருநெல்வேலித் தமிழில் சொன்னது எதுவும் அவளுக்குப் புரியவில்லை. அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தீதி, நான் தப்பாகச் செய்துவிடக் கூடாது. நீ காட்டு," என்றாள் வங்காளத்தில், அக்கா முறை வைத்து.

அவளோடு போனேன். வலது கையால் எடுக்க வேண்டும், உதட்டருகில் மெல்லப் போட வேண்டும் என்று சொன்னேன். அவள் என் கையைத் தட்டை நோக்கி நகர்த்தினாள். செய்து காட்டு என்று அர்த்தம். நான் அரிசியை எடுத்தேன். உங்களுக்கு நான் கொடுத்த கடைசிச் சோறு வேகாத சோறு மாமா. என்னைப் பார்த்து அவளும் போட்டாள். பெரியம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ரகுவைப் பார்த்தார். ரகு தலையைக் குனிந்துகொண்டான்.

உங்களைக் கொண்டுபோனபின் நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன். நீங்கள் இத்தனை நாள் வந்த அதே ஒரு ஸ்டேஷன் தூரம்.

சுதேஷ்ணா பிறகு ஒருமுறை போன் செய்தாள். நன்றி என்றாள். நானும் ஏதோ சொன்னேன். இருவரும் நல்லவர்களாக இருந்தோம். அதற்குமேல் பேச எங்களிடம் எதுவும் இல்லை. இனி அவள் கூப்பிடமாட்டாள், நானும் மாட்டேன்.

இன்று நான் செய்த சோறு சரியாகத்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். சொல்ல ஆளில்லை. ஒரு ஆளுக்கு அளவு பிடிபடாமல் எப்போதும் கூடிவிடுகிறது. காந்தலின் மேல் வெந்நீர் ஊற்றிக் குடித்தேன். எதிரில் யாரும் உட்காரவில்லை. அதை வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் போனபின் இந்த ஊரில் நான் வாய்விட்டுத் தமிழ் பேசுவது அநேகமாக நின்றுவிட்டது. ஆபீஸில் வங்காளமும் ஆங்கிலமும், கடையில் இந்தி. வாரத்துக்கு ஒருமுறை அண்ணனின் போன் மட்டும்தான். சாயங்காலம் கூப்பிட்டான். தனியாக அங்கே என்ன செய்கிறாய், திருச்சிக்கே வந்துவிடேன் என்று எப்போதும் கேட்பதைக் கேட்டான். பொங்கலுக்காவது வருகிறாயா என்றான்.

"பாக்கேன்," என்றேன்.

அவன் சிரித்தான். "என்னது, பாக்கேனா? எப்பலேர்ந்து திருநெல்வேலிக்காரி ஆன?"

நான் கவனிக்கவே இல்லை மாமா. யோசித்துப் பார்த்தால் கொஞ்ச நாளாகவே அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் போல. திருத்திச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"எங்க மாமா அப்படித்தான் பேசுவாங்க," என்றேன்.